தங்கவயலில் கல்வியின் விலை

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலர்களில் தங்கவயலின் வரலாறு இடம்பெறாத மலர் அரிது. 1802ஆம் ஆண்டில் லெப்டினன்ட் வாரன் என்னும் வெள்ளையர் இப்பகுதி மக்கள் மண்ணை அலசிப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதிவைத்ததும், அவ்வெழுத்தைப் படித்த லாவெல் என்பார் 1870களில் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றதும், 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து கால்கொண்டதும், 1902இல் சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து மின்சாரம் இங்கு வந்து சேர்ந்ததும் நம் வீட்டுச் சிறுவரும் சொல்லக்கூடிய செய்திகள். ஆதலின் அவற்றை ஈண்டு விரித்துரையாது, அதே வரலாற்றின் மற்றொரு பக்கத்தைப் புரட்டிப் பார்க்க விரும்புகிறோம். பொன்னின் கணக்கை எழுதியவர் பலர். பள்ளிக்கூடத்தின் கணக்கை எழுதியவர் மிகச் சிலரே. இவ்வூரில் எந்தப் பிள்ளைக்கு எத்தகைய பள்ளி கிடைத்தது, அதற்கான செலவை யார் ஏற்றனர், ஏன் ஏற்றனர் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்த இடம், பத்தே ஆண்டுகளில் 38,000 பேருக்கு மேற்பட்டோர் வாழும் நகரமாயிற்று. வந்தவருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ச் சீமைகளிலிருந்து வந்த நம் முன்னோர். நிலமற்றவர், அவருள்ளும் பெரும் பகுதியினர் ஊருக்குள் குடியிருக்கவும் உரிமை மறுக்கப்பட்டவர். அவர்கள் தட்டியும் ஓலையும் கொண்டு வேய்ந்த குடிசைகளில், லைன் லைனாகக் குடியமர்ந்தனர். மேட்டுப்பாங்கான இடங்களில் துரைமார் பங்களாக்கள் எழுந்தன. பள்ளிக்கூடம் இவ்விரண்டில் எப்பக்கம் முதலில் எழுந்திருக்கும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

1901இல் நந்திதுர்க்கம் சுரங்கத்தருகே கம்பெனியார் ஒரு தொடக்கப் பள்ளியை நிறுவினர். அது ஐரோப்பிய ஊழியரின் பிள்ளைகளுக்கானது. 1904ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், பிரான்சு நாட்டுத் தார்பு சூசையப்பர் சபைக் கன்னியர் 22 ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுமியரைக் கொண்டு மற்றொரு பள்ளியைத் தொடங்கினர். இப்பள்ளிகள் நாளடைவில் உயர்ந்து, மாணவர் சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதும் நிலையை எய்தின. இருபத்திரண்டு சிறுமியர்க்கு ஒரு பள்ளி! ஆயிரக்கணக்கான குடிசைகள் நிறைந்த ஊரில் இவ்வெண் நம்மை ஒரு கணம் நிறுத்தத்தான் செய்கிறது.

ஆயினும் இதனைக் கம்பெனியாரின் கல்நெஞ்சத்தின் விளைவு என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அதனால் நாம் கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை. அவர்கள் நெஞ்சினும் பெரியது அவர்கள் கணக்குப் புத்தகம். கார்ன்வால் நாட்டுச் சுரங்க வல்லுநன் ஒருவன் கடல் கடந்து மனைவி மக்களோடு இங்கு வந்து பல்லாண்டு தங்க வேண்டுமாயின், அவன் பிள்ளைகள் படிக்க ஒரு பள்ளி இருந்தே தீர வேண்டும். இல்லையேல் அவன் வாரான், வந்தாலும் தங்கான். ஆகவே அப்பள்ளி அவன் சம்பளத்தின் ஒரு பகுதி. வடிகால் அமைப்பது போல, கூண்டு இறக்கும் கம்பி வடம் வாங்குவது போல, அதுவும் தொழிற்செலவே. மண்ணுக்கடியில் பாறை துளைக்கவும், கல் வாரித் தள்ளவும் எழுத்தறிவு வேண்டியிருக்கவில்லை. அப்பணிக்கு ஆட்கள் ரயிலேறி வந்துகொண்டே இருந்தனர். 1894இலேயே மாரிக்குப்பம் வரை இருப்புப்பாதை வந்துவிட்டது. ஆள் பஞ்சமில்லாத வேலைக்கு ஆளை மேம்படுத்தும் செலவை எந்த முதலாளிதான் விரும்பி ஏற்பான்? சிறிது எழுத்தும் எண்ணும் அறிந்த குமாஸ்தாக்களும் மேஸ்திரிகளும் ஓரளவு வேண்டியிருந்தனர்; அவ்வளவுக்கு மட்டும் படிப்பு வளர இடம் இருந்தது. சுரங்கத்தில் எத்தனை படிகள் இருந்தனவோ, பள்ளியிலும் அத்தனை படிகள். நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் இம்மண்ணிலிருந்து வெளியேறிற்று என்பர். அதன் விலையில் எத்துணைப் பங்கு பலகையாகவும் சுண்ணக்கட்டியாகவும் திரும்பி வந்தது என்று கேட்டுப் பார்ப்பது தகும்.

கடல் கடந்த நம் உடன்பிறப்புகளின் நிலை இதனோடு ஒப்பிடத்தக்கது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி தர வேண்டும் என்று 1907ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் தோட்ட நிர்வாகத்தைக் கடமைப்படுத்தியது. மலாயாவில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டத்தார் பள்ளி நடத்த வேண்டும் என்றது. இந்தியாவிலும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அத்தகைய கடமையை விதித்தது. சுரங்கத்திற்கோ, 1952ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பள்ளி நடத்துக என்னும் விதி இல்லை. சட்டம் இருந்த இடங்களில் நிலைமை பொன்னாயிருந்தது என்று எண்ணிவிட வேண்டா. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு. பல தோட்டங்களில் கங்காணிக்கு வேண்டியவரே ஆசிரியர். சட்டம் பள்ளியைக் கட்டச் சொல்லிற்று. படிப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. இலங்கைத் தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்றுக்கொள்ள 1977 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வாயில் திறந்திருத்தல் ஒன்று, உள்ளே கற்பிக்கப்படுதல் வேறொன்று என்பதற்கு இத்தோட்டப் பள்ளிகளைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நிற்க. பள்ளி இலவசமாயினும் படிப்பு இலவசமாவதில்லை என்பதை லைன் வீட்டுத் தாய்மார் பொருளாதார நூல் படியாமலே அறிந்திருந்தனர். பத்து வயதுச் சிறுவன் சிறு கூலி ஏதேனும் கொண்டுவருவான். அவன் பள்ளிக்குப் போனால் அக்கூலி போயிற்று. எட்டு வயதுச் சிறுமி இடுப்பில் தம்பியைச் சுமந்தால்தான் தாய் வேலைக்குப் போக முடியும். அவள் பள்ளிக்குப் போனால் தாயின் கூலியும் போயிற்று. இவை எந்தப் பள்ளியின் கட்டண அட்டையிலும் காணப்படாத கட்டணங்கள். சென்னை மாநகராட்சி 1920இல், சர் தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவு அளிக்கத் தொடங்கியது இவ்வுண்மையை உணர்ந்தே. 1956இல் காமராசர் அதனைத் தம் மாநிலம் முழுதும் பரப்பினார். எல்லைக்கு அப்பால் குடியாத்தத்தில் இருந்த நம் மாமன் மகன் பள்ளியில் சோறுண்டு படித்தான். இப்பால் நாம் வேறொரு மாநிலத்தவர். இடையில் சிறு திட்டங்கள் வந்து போயினவாயினும், சமைத்த உணவு கருநாடகத்து அரசுப் பள்ளிகளில் மாநிலம் தழுவிய ஏற்பாடாக நிலைபெற்றது 2002, 2003ஆம் ஆண்டுகளிலேயே. ஒரே குருதியில் தோன்றிய இரு குடும்பங்களுக்கிடையே ஓர் எல்லைக்கோடு அரை நூற்றாண்டு வேறுபாட்டை உண்டாக்கிற்று.

இனி நம்மவர் தாமே செய்துகொண்டதைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது சிறிது பெருமிதம் தோன்றுமாயின் அன்பர்கள் பொறுத்தருள்க. கர்னல் ஆல்காட் 1894இல் சென்னை அடையாற்றில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கியதும், அவரோடு தொடர்புகொண்டிருந்த பண்டித அயோத்திதாசர் 1907ஆம் ஆண்டு ஜூன் திங்களில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கியதும் யாவரும் அறிந்ததே. அவ்விதழின் பெயரிலேயே அதன் விலை இருந்தது, காலணா. ஏன் காலணா? சுரங்கத்தில் உழைப்பவன் தன் கூலியிலிருந்து வலியின்றி எடுத்துக் கொடுக்கக்கூடியது அவ்வளவே. அவ்விதழின் உயிர்ப்பு மிக்க வாசகர் கூட்டங்களுள் ஒன்று நம் தங்கவயலில் இருந்தது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும் பௌத்த சங்கங்கள் தோன்றின. சித்தார்த்தா புத்தகசாலை நூல்களை அச்சிட்டு வெளியிட்டது. 1914இல் பண்டிதர் மறைந்தார். அவருக்குப் பின் நின்றுபோன 'தமிழன்' 1926இல் மீண்டும் உயிர்பெற்றபோது அது வெளிவந்த இடம் சென்னையன்று, தங்கவயல்! ஆசிரியர், நம்மூரில் வாழ்ந்த பண்டிதர் ஜி. அப்பாதுரையார். ஷிப்டு முடிந்து மேலே வந்தவர் ஒருவர் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்டால், ஒரு காலணாவில் பதினொருவர் கல்வி பெறுகின்றனர். இதனினும் மலிவான பள்ளியை எந்த அரசும் நடத்தியதில்லை.

இத்தகைய வாசிப்பு என்ன பயன் தந்தது என்று கேட்பவர், 1930ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களை நினைவுகூர்க. தொழிலாளரின் விரல்ரேகையைப் பதிவு செய்யக் கம்பெனியார் முற்பட்டபோது, குற்றவாளியைப் போல் ரேகை வைக்க மாட்டோம் என்று ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். சுரங்கங்கள் ஏறத்தாழ மூன்று வாரம் முடங்கின. கையெழுத்துப் போடத் தெரியாதவர் பலர் நிறைந்த ஒரு கூட்டம், கைநாட்டை இழிவென்று கருதி எழுந்தது! எழுத்தறிவு இன்னும் பரவாத இடத்திலும் எழுத்தின் மதிப்புப் பரவியிருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இதன்பின் பள்ளிகள் பெருகின. 1933இல் ராபர்ட்சன்பேட்டையில் புனித தெரசாள் பள்ளியும், அதற்குப் பத்தாண்டு கழித்துக் கோரமண்டலில் புனித செபஸ்தியார் பள்ளியும் தோன்றின. ஆங்கிலக் கல்வி துரைமாரின் வேலியைத் தாண்டிச் சற்றே வெளியே வந்தது. தமிழ் வழியிலும் பள்ளிகள் பல இயங்கின. 1956 நவம்பர் இறுதியில் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது; 1962இல் அவை நடுவண் அரசின் கைக்கு மாறின; 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 1964இல் தோன்றிய பாரத் எர்த் மூவர்ஸ் ஆலை ஐ.டி.ஐ. படித்தவர்க்கும் டிப்ளமோ பெற்றவர்க்கும் புதிய வாயிலாயிற்று. பள்ளிக்கு அருகாமை கிட்டிற்று. வயிற்றுக்கும் ஓரளவு உறுதி கிட்டிற்று. அவ்வாறாயின் லைன் வீடுகள் எல்லாம் பட்டதாரிகளால் நிறைந்திருக்க வேண்டுமன்றோ? நிறையவில்லை. காரணம் யாது?

தந்தைக்குப் பின் மகன் என்னும் வழக்கமே பெருங்காரணம் என்பது நம் கருத்து. சுரங்கத்தில் உழைத்தவரின் மகனுக்குச் சுரங்கத்தில் ஓர் இடம் கிடைக்கும் என்னும் நம்பிக்கை ஒவ்வொரு லைனிலும் இருந்தது. பதினெட்டு வயதில் உறுதியான மாதச் சம்பளமும் வீடும் மருத்துவமும் கையில் வந்து நிற்கும்போது, ஐயத்துக்குரிய பட்டத்துக்காக ஐந்தாறு ஆண்டு செலவிடுவானேன்? இதனை நம்மவரின் அறியாமை என்று மேடையில் பழித்துப் பேசுவோர் உண்டு. அது நேர்மையன்று. அமெரிக்க நாட்டின் கென்டக்கி, பென்சில்வேனியா நிலக்கரி வட்டாரங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் 2005இல் ஒரு செய்தியை வெளியிட்டனர். 1970களில் நிலக்கரி விலை ஏறிச் சுரங்கக் கூலி உயர்ந்தபோது, அங்கே உயர்நிலைப் பள்ளியில் பயில்வோர் தொகை குறைந்தது. விலை வீழ்ந்து வேலை அருகியபோது பிள்ளைகள் மீண்டும் பள்ளியை நாடினர். வெள்ளைத் தோலும் ஆங்கிலத் தாய்மொழியும் உடைய அவர்களும் நம்மவரைப் போலவே கணக்கிட்டனர்.

பம்பாய்த் தாதர் பகுதியில் நடந்த மற்றோர் ஆராய்ச்சி இன்னும் நெருக்கமானது. முன்ஷி, ரோசன்சுவைக் என்னும் இருவர் 2006இல் வெளியிட்டது. ஆலைத் தொழிலில் உறவினர் கைதூக்கி வேலை வாங்கித் தரும் சாதிகளில், மகன்களை மராத்தி வழிப் பள்ளிக்கே அனுப்பினர். அத்தகைய வேலைக்கு ஆங்கிலம் வேண்டா. மகள்களுக்கோ அவ்வாறு வாங்கித் தர வேலை ஏதுமில்லை. ஆகவே அவர்கள் ஆங்கிலப் பள்ளியை நோக்கி விரைந்தனர். காலம் மாறியபோது முன்னேறி நின்றவர் அவர்களே. இதைப் படித்தபோது நம் லைன் வீடுகளே நம் கண்முன் நின்றன. அண்ணன் சுரங்கத்தில் இறங்கினான். இறங்க உரிமையற்ற தங்கை ஆசிரியப் பயிற்சிக்கும் செவிலியர் பயிற்சிக்கும் சென்றாள். இன்று பல குடும்பங்களில் முதல் பட்டம் பெற்றவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். அத்தையோ சித்தியோவாக இருப்பார்.

அந்த உறுதியான சம்பளத்துக்கும் ஒரு விலை இருந்தது. 1940களில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்த மருத்துவர்கள், நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்குச் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் இருக்கக் கண்டனர். தந்தை இருமி இருமி ஓய்ந்தால் மூத்தவன் படிப்பை நிறுத்திக் கூண்டில் ஏறுவான், இளையவர் படிப்பர். ஒரு வீட்டின் மூத்தவன் கட்டிய கட்டணத்தில் மற்றவர் கற்றனர். இக்கட்டணத்துக்கு ரசீது இல்லை.

இடையே ஒரு செய்தி. 1965ஆம் ஆண்டில் நம் காலடியில், ஏறத்தாழ இரண்டேகால் கிலோமீட்டர் ஆழத்தில், டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கில அறிஞரும் கூடி, வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் சுவட்டை உலகில் முதன்முதலாகக் கண்டோருள் இடம்பெற்றனர். உலக இயற்பியல் நூல்களில் கோலார் என்னும் பெயர் ஏறிற்று. அக்கருவிகள் இறங்கிய வழியே நாள்தோறும் இறங்கி ஏறியவர் நம் தந்தையர். அவர்தம் பிள்ளைகளின் வகுப்பில் அக்கண்டுபிடிப்பு பாடமாக நடத்தப்பட்டிருந்தால்! பெருமை பூமிக்கடியில் இருக்க, பாடம் பூமிக்கு மேலும் வராமற் போயிற்று.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியோடு சுரங்கம் மூடப்பட்டது. அன்று வரை மறைந்திருந்த ஓர் உண்மை மறுநாள் வெளிப்பட்டது. சுரங்கத் தொழிலை எவ்வளவு திறம்படக் கற்றவராயினும், அத்திறன் வேறெங்கும் விலைபோகவில்லை. பள்ளிச் சான்றிதழ் ஒன்றே ரயிலில் ஏற்றிச் செல்லக்கூடிய சொத்தாக இருந்தது. அமெரிக்கப் பேரறிஞர் சுல்ட்ஸ் 1960இல் கல்வியை முதலீடு என்று கூறி, 1979இல் நோபல் பரிசும் பெற்றார். அம்முதலீட்டின் சிறப்பு யாதெனில், முதலாளி ஆலையை மூடினாலும் அது தொழிலாளியிடமே தங்கிவிடும். மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் பெங்களூரு ரயில்களில் ஏறுவோரைக் கண்டால் இது விளங்கும். பட்டமும் ஆங்கிலமும் உடையவர் அலுவலகத்துக்கும், அவை இல்லாதவர் காவல் வேலைக்கும் கட்டட வேலைக்கும், ஒரே பெட்டியில், ஒரே பருவச் சீட்டில் செல்கின்றனர். திரும்பும்போது அவர்கள் பையில் இருக்கும் கூலி மட்டும் ஒன்றாக இல்லை.

ஆகவே தாய் தந்தையர் இன்று எந்தப் பாடுபட்டேனும் ஆங்கிலப் பள்ளியை நாடுவதில் வியப்பில்லை. தமிழ் வழிப் பள்ளிகளில் பிள்ளைகள் அருகி வருவதும் அதனாலேயே. தமிழ்ப் பற்று குறைந்துவிட்டது என்று நம் சங்க மேடையில் வருந்துகிறோம். பற்று மட்டுமே காரணமன்று. கருநாடகத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படிக்க வழியுண்டு. அதற்கு மேல் பி.யூ.சி. வகுப்பில் அவ்வழி அடைபடுகிறது. அரசு வேலைக்குக் கன்னடமும், ஆலை வேலைக்கு ஆங்கிலமும் வேண்டும். ஏணியின் பத்தாம் படியோடு ஒரு மொழி நின்றுவிடுமாயின், அம்மொழியில் முதற்படி ஏறத் தயங்குவது இயல்பே. தொடக்க வகுப்புகளைத் தாய்மொழியிலோ கன்னடத்திலோ நடத்த வேண்டும் என்று 1994இல் மாநில அரசு ஆணையிட்டது. 2008இல் உயர் நீதிமன்றம் அதனைத் தனியார் பள்ளிகளைப் பொறுத்தமட்டில் ஏற்கவில்லை. 2014 மே திங்களில் உச்ச நீதிமன்றமும் பயிற்றுமொழியைப் பெற்றோர் தேரலாம் என்று தீர்ப்பளித்தது. தேர்வுரிமை கிடைத்தது, ஆனால் அவ்வுரிமையைச் செலுத்தக் கட்டணம் வேண்டும். கட்டணமில்லாமல் அவ்வாயிலைத் திறக்க, 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு 25 இடம் எளியவர்க்கு ஒதுக்கியது. அருகில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருப்பின் தனியார் பள்ளி அவ்விடங்களைத் தர வேண்டியதில்லை என்று கருநாடக அரசு 2018 இறுதியில் விதியை மாற்றியது. நம் பேட்டைகளில் அரசுப் பள்ளி அருகில் இல்லாத தெரு எது? அவ்வாயிலும் சாத்தப்பட்டது.

இங்கே ஒரு வினா எழுகிறது. கட்டணம் வாங்கும் பள்ளி, கட்டணம் வாங்குவதனாலேயே சிறந்ததா? ஆந்திர நாட்டில் 180 சிற்றூர்களில் குலுக்கல் முறையில் சில பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பி, நான்கு ஆண்டு கழித்துச் சோதித்தனர். அம்முடிவு 2015இல் வெளிவந்தது. தெலுங்கிலும் கணக்கிலும் அப்பிள்ளைகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட மேம்பட்டிருக்கவில்லை. இந்தியில் மட்டும் முன்னேறியிருந்தனர். ஆனால் தனியார் பள்ளி அதே பயனை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த செலவில் தந்தது. ஆசிரியர்க்கு அங்கே கிடைக்கும் சம்பளம் அத்துணைக் குறைவு. அரசுப் பள்ளியின் குறை வேறு. 2003இல் நாடெங்கும் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்தபோது, அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியருள் நூற்றுக்கு 25 பேர் பள்ளியில் இல்லை. நல்ல சம்பளம் ஒரு பக்கம், நாற்காலி வெறுமை மறுபக்கம். இவ்விரண்டுக்கும் இடையே, மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை இரு வகைப் பள்ளியிலும் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறது. ஆங்கிலப் பள்ளியில் அது டை கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறது என்பதே வேறுபாடு.

அப்பிள்ளைக்கு மருந்து உண்டு. அது விலை மிக்கதும் அன்று. 2001 முதல் மும்பையிலும் வடோதராவிலும் பள்ளியிறுதி படித்த உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு, மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய 15, 20 பிள்ளைகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்தி, எழுத்தும் எண்ணும் அடிப்படையிலிருந்து கற்பித்தனர். பிள்ளைகள் தெளிவாக முன்னேறினர். மிகப் பின்தங்கியவரே மிகுதியும் பயன்பெற்றனர். அதே ஆராய்ச்சியாளர் கணினி வழிக் கற்பித்தலோடு ஒப்பிட்டுச் செலவைக் கணக்கிட்டபோது, வந்து கற்பித்த அப்பெண்களே மலிவான வழியாய் நின்றனர்.

நம் சங்கமும், ஏனைய சங்கங்களைப் போலவே, ஆண்டு விழாவில் பத்தாம் வகுப்பில் மிக்க மதிப்பெண் பெற்றவர்க்குப் பரிசளிக்கிறது. அது நிற்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அப்பரிசைப் பெறுபவர் பரிசின்றியும் படித்திருப்பார். மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டாத பிள்ளைக்கோ பத்தாம் வகுப்பே வருவது ஐயம். பரிசுத் தொகையில் ஒரு பகுதியும், வார நாள்களில் பூட்டிக் கிடக்கும் நம் மன்றத்தின் ஒரு கூடமும், நம் லைன்களில் பி.ஏ., டி.எட். முடித்து வேலையின்றி இருக்கும் பெண்கள் இருவரும் இருந்தால் இருபது பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடத்தலாம். பள்ளியில் எந்த மொழியில் படித்தாலும், முதலில் வாய்க்குப் பழகிய தமிழில் எழுத்துக் கூட்டக் கற்பித்து, அதிலிருந்து கன்னடத்துக்கும் ஆங்கிலத்துக்கும் கைபிடித்து அழைத்துச் செல்லலாம். பள்ளி நேரத்தில் மோதாமலும், ரயிலில் வரும் பெற்றோர் வீடு சேருமுன் பிள்ளைகள் தனித்திராமலும் இருக்க, மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை ஏற்ற நேரம். பெங்களூரு வண்டி தாழ்த்து வரும் நாள்களில் சிறியவர்களை வீட்டில் கொண்டுபோய் விட மன்றத்துக்கு அருகில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வேண்டும். வரும் பொதுக்குழுவில் இதற்கு யார் பெயர் தருவார் என்பதை அறிய நாம் ஆவலாயிருக்கிறோம்.